இன்னும் ரத்தமாகாத திசு

என் செல்லத்துக்கு,

நான் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஆய்வகத்தில் மெழுகில் பதித்த கோழிக்கருவைச் சீவும்போது கத்தி என் விரலையும் கொஞ்சம் சீவிவிட்டது. இரண்டே தையல்தான், சிரிக்காதே. கட்டுப் போட்டுவிட்ட எங்கள் ஆய்வக மேடம், என்னை உட்காரவைத்து மைக்ராஸ்கோப்பில் அந்தக் கருவைக் காட்டினார். சிலந்தி வலை போலத் தளர்வாக ஒரு திசு தெரிந்தது.

"பார்க்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். இதுதான் பின்னால ரத்தமாவும் எலும்பாவும் ஆகும்" என்றார்.

போன முறை இதே மாதத்தில் நாம் இழந்ததை நினைத்து நீ போனில் அழுதாய். எனக்கும் பயம்தான். ஆனால் அதைப் பார்த்தபின் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்னவன்