உன் கன்னத்தைப் பார்த்தவர்கள்

தம்பி,

மத்தியானம் பைக்கில் ஒருத்தன் வந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். பிரித்ததும் வீடு முழுக்கப் பொரித்த கோழி வாடை. இங்கே யாரும் கேட்கவில்லை. உன் மகன் துபாயில் உட்கார்ந்துகொண்டு, தென்காசியில் இருக்கிற தன் மகனுக்குப் போனிலேயே வாங்கி அனுப்பியிருக்கிறான். உன் பேரன் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறான், அதற்குள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த வாடையில் உன் அக்காவுக்கு உன் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும்.

வாப்பா சவூதிக்குப் போன புதிதில் உன்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் உம்மா ஒரு படம் எடுத்து அனுப்பினாள். ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு உள்ள உடம்புதான் உனக்கு. வாப்பா கேசட்டில் பேசி அனுப்புவார் அல்லவா, அந்தத் தடவை வந்த கேசட்டைச் சொந்தக்காரர்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். சலாம் சொன்ன கையோடு, "பய ஏன் இப்படி வத்திப் போயிருக்கான்? ரூம்ல எல்லாவனும் கேக்குதான். நான் இங்கன யாருக்காக வெயில்ல வேகுதேன்?" என்றார். அத்தனை பேர் முன்னால் உம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது பீடை. அடுத்த படத்துக்குள் உன்னைத் தேற்றியாக வேண்டும். பால் பவுடரைக் கரண்டியால் அள்ளி வாயில் போட்டாள். காலையில் முட்டை, மத்தியானம் நெய்ச்சோறு, ராத்திரி பரோட்டா. நீ வாயை இறுக்கிக்கொண்டால் மூக்கைப் பிடித்தாள். கன்னம் உப்ப உப்ப ஊரே மெச்சியது. வந்தவர்கள் எல்லாம் அதைக் கிள்ளிப் பார்த்து, சவூதிப் பணம் நல்லாப் பேசுது என்றார்கள். அவர்கள் உன்னை எங்கே பார்த்தார்கள்? வாப்பாவின் சம்பளத்தைத்தான் பார்த்தார்கள்.

வாப்பா லீவில் வந்தபோது குற்றாலத்தில் சாரல். பேரருவியில் நல்ல கூட்டம். சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று நீ அடம்பிடித்தாய். விடுவாரா? நாலு பேர் பார்க்கட்டும் என்று தன் கையாலேயே கழற்றினார். எண்ணெய் தேய்க்கிறவர், இந்த உடம்புக்கு ரெண்டு குப்பி வேணும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார், பெருமையாக. நீ குளிக்கவே இல்லை. அழுகையை நிறுத்த நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் அழுதுகொண்டே தின்றாய்.

சர்க்கரை, அப்புறம் நெஞ்சு. நாற்பதைக்கூட நீ பார்க்கவில்லை. உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கி வாசலைத் தாண்டவே இன்னும் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அப்போது ஒரு பெரிய மனுஷன் என் காதுபடச் சொன்னார், குறையில்லாமல் தின்று வாழ்ந்த உடம்பு என்று. அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. வாழவா விட்டார்கள் உன்னை?

இன்றைக்குப் பெட்டியைப் பிரித்ததும் உன் மகன் வீடியோவில் வந்தான். பிள்ளை தின்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பிள்ளையோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மாமி, பய மெலிஞ்சிட்டாம்லா. ஊட்டி விடுங்க" என்று என்னிடம் சொன்னான். அப்படியே வாப்பாவின் குரல். உன் மருமகள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"ஏலே, ஒங்க வாப்பா ஒருநாளும் பசிக்குதுன்னு சொல்லி நான் கேட்டதில்லலே. சொல்ல விட்டாத்தானே? பசின்னா என்னன்னு தெரியாமலே மண்ணுக்குள்ள போயிட்டான். ஒம் மவனையும் அங்கனதான் அனுப்பப் போறியா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் மகன், கோழியை எடுத்து வைத்துவிடுங்கள் மாமி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். நான் பேசியது அதிகம்தான். அதற்காக எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

பிள்ளை தெருவுக்குப் போய் விளையாடினான். மூச்சு வாங்க நின்றான், மறுபடி ஓடினான். பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடிந்த பிறகு அடுப்படிக்கு வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"பசிக்குது" என்றான்.

தோசை சுட்டுப் போட்டேன். இன்னொன்று வேண்டுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை உன் வாயில் வரவிடாதவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, தம்பி. தீரவும் வேண்டாம். இவன் வளர்ந்து ஆளாகிறவரை எனக்கு அது வேண்டியிருக்கிறது.