சிலுவைக் கட்டையில் காளான்

மேற்குத் தாம்பரம்,
9.11.1988

அன்புள்ள லாசரஸ் அண்ணாவுக்கு,

இயேசுவின் இரக்கத்தால் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இங்கே விடாத மழை, முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அதிலும் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவிடம் போய் வந்தோம். நீ வெளிநாடு போகும் முன் நட்ட மரச்சிலுவையைச் சுற்றி நித்தியகல்யாணி மண்டிப் பூத்திருந்தது, விலக்கிப் பார்த்தால் கட்டையின் அடி முழுக்க வெள்ளைக் காளான். பாடத்தில் படித்ததை அம்மாவுக்குச் சொன்னேன், செடிக்குப் பச்சையம் இருப்பதால் வெயிலில் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும், காளானுக்கு அது கிடையாது, செத்ததைத் தின்றுதான் வளரும் என்று. அப்போ அது உங்கப்பாவையாடி தின்னுது என்று கேட்டாள். இல்லைம்மா, கட்டையை மட்டுந்தான் என்றேன், அவள் முகம் தெளியவில்லை.

கல்லறைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் ஏசுபாதம் அண்ணன் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இன்னாம்மா, மாங்கட்டைய நட்டுட்டு தேக்குன்னு நெனச்சிகினியா, உள்ளார உளுத்துப்போச்சு, பூவு மூடிகினு இருந்துச்சு, காளான்தான் காட்டிக் குடுத்துச்சு, பிடுங்கிட்டு சிமெண்ட்ல ஒண்ணு வெச்சிடு என்றார். எம் பிள்ளை வெச்சது, அவன் வந்து எடுக்கட்டும், நீ கை வைக்காதே என்றாள் அம்மா. ஜெபம் முடித்து எப்போதும்போலச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், அது அவள் கையோடு வந்துவிட்டது. முந்தானையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இப்போது ஜன்னலோரம் காய்கிறது. அடையாளம் இல்லாத இடத்தைப் பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். அப்படியும் நீ வராமல் வேறு சிலுவை வைக்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். அவன் பதற வேணாம், செடி நிக்குது, அடையாளத்துக்கு அது போதும்னு எழுது என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை மூடாமல் வெயிலில் அலையாதே, பூசையை விடாதே, மாதா உன்னைத் தன் நிழலில் வைத்திருப்பாள் என்பது அம்மாவின் ஆசீர்வாதம். லீவு எப்போது என்று மறக்காமல் எழுத வேண்டுமாம்.

அண்ணா, இனி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா அரிசி களையப் போயிருக்கிறாள். நித்தியகல்யாணி விதை தெறித்து அங்கே எல்லாக் கல்லறையிலும் முளைத்திருக்கிறது, எல்லாம் ஒரே ரோஸ் நிறம். ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போனோம். நம் இடத்துக்கு இரண்டு வரிசை தள்ளி, யாருடையதோ ஒன்றில், அப்பாவுடையது என்று அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள். அவள் பக்கத்தில் அங்கேயே நானும் முழங்காலிட்டேன்.

உன் தங்கை,
அமலராணி