கடைமடையிலிருந்து எழுதிய விடை

செப். 16, செவ்வாய்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. ப்ரோக்ராமிங்கில், இரண்டிரண்டாகக் கிளை பிரியும் பைனரி ட்ரீ கணக்கு நான்கு. வந்தது இரண்டு. மூன்றாவது நிற்காமல் ஓடியது. கிளை தீர்ந்தால் திரும்பு என்று எழுத மறந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. ஐந்து மாதத்தில் கூப்பிட்ட ஒரே கம்பெனி.

வேலை போனது அப்பாவிடம் சொல்லவில்லை. ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். தினமும் ஒன்பதரைக்கு லேப்டாப் முன்னால் உட்கார்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் அறைக்கு வெளியே நின்றே கேட்டார். "வர்ற திங்கக்கெழம தண்ணி முறைக்கு மடையில நிக்க ஆள் இல்ல பாப்பா. லீவு கிடைக்குமா?"

"கஷ்டம்ப்பா. மேனேஜர் விடமாட்டாங்க."

"சரி சரி, நீ வேலையப் பாரு."

செப். 18, வியாழன்

வாங்க வேண்டியது: பால், கொசுவத்தி. டேட்டா ரீசார்ஜ்.

ட்ரீயின் கிளைகளை எந்த வரிசையில் எழுதுவது என்பதில் ப்ரீஆர்டர், போஸ்ட்ஆர்டர் இன்னும் குழப்பம். முதலாவதில் தாய்க்கிளை முன்னால், பிள்ளைகள் பின்னால். மற்றதில் பிள்ளைகள் எல்லாம் முடிந்த பிறகே தாய். கடைசியில் எங்கள் வாய்க்காலை வரைந்து பார்த்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் முறை கடைமடையில்தான் தொடங்கும். கோடியில் இருக்கும் எங்கள் வயல் முதலில், தலைமடைக்காரர் கடைசியில். அதேதான் போஸ்ட்ஆர்டர்! பத்து கணக்கு, பத்தும் சரி. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

செப். 19, வெள்ளி

போச்சு.

கேட்டது ப்ரீஆர்டர். கை பாட்டுக்குக் கடைமடையிலிருந்து எழுதிக்கொண்டு போனது. முடிக்கும் வரை உறைக்கவில்லை.

"மேலேர்ந்து வரணுங்க. நீங்க கீழேர்ந்து வர்றீங்க." இன்டர்வியூ எடுத்த பெண் தன்மையாகத்தான் சொன்னார்.

"எங்க ஊர்ல அப்படித்தாங்க" என்று உளறினேன். சிரித்தார். திருத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். மீட்டிங் என்றேன்.

செப். 20, சனி

மெயில் வந்தது. இரண்டே வரி. இல்லையாம்.

மேகமூட்டம், தூறல்கூட இல்லை. இன்று சனி, நடிக்க வேண்டாம். அது ஒன்றுதான் நிம்மதி. மதியம் முழுக்கப் படுத்தே கிடந்தேன். அப்பா டீ வைத்துவிட்டுப் போனார்.

செப். 21, ஞாயிறு

பயிர் நுனி மஞ்சள். நாளை தண்ணீர் முறை.

அப்பா கொல்லையில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு மண்வெட்டி.

"காலைல ஆறுக்கு மடையில இருக்கணும். நீ கெழக்கால நில்லு, நான் மேற்கால பாத்துக்கறேன்."

நாளை திங்கட்கிழமை. லீவு கிடைக்குமா என்று இந்தத் தடவை அப்பா கேட்கவில்லை.