கப்பலில் ஒரு ஆளுக்கு இடமிருந்தது

மாப்ளே,

இன்று காலை என் மருமகன் மேலே தோட்டத்திலிருந்து ஒரு பை ஜாதிக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஏலச்செடிகளுக்கு நடுவே நட்ட மரங்கள் இந்த வருசம்தான் காய்த்திருக்கின்றனவாம். ஒரு காயைப் பிளந்தேன். உள்ளே சிவப்பாக ஜாதிபத்திரி வலை போலச் சுற்றியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போடிக்காரனுக்கு ஏலக்காய் வாசனை ஒரு வாசனையே இல்லை, மூச்சு மாதிரி அது பாட்டுக்கு இருக்கும். ஜாதிக்காய் அப்படியில்லை. எனக்கு அது மேற்கிந்தியத் தீவுகளில் கிரெனடா துறைமுகம். மூட்டைகள் அடுக்கிய கிடங்கு வாசலில் நீயும் நானும் போக்கிடமில்லாமல் நின்ற நாள்கள். நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. இதைச் சொல்லிப் பேச இந்த ஊரில் எனக்கு வேறு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. நீ ஜீப்பு பட்டறையில் இருந்தாய். மெட்டு மலைப்பாதை ஏறுகிற ஜீப்புகளில் பாதி உன் கைபட்டுத்தான் ஓடின. நான் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பம்பாயிலிருந்து உன் சித்தப்பா மகன் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் அடுப்படிக்கு வந்தாய்.

"கடலப் பாத்துருக்கியா மாப்ளே?" என்றாய்.

"ராமேஸ்வரத்துல ஒரு தடவ. கால நனச்சேன்."

"அது போதும், கெளம்பு."

நீ எஞ்சின் அறைக்கு, நான் சமையலுக்கு. மலையடிவாரத்துப் பயல்கள் இரண்டு பேர் உலகத்தைச் சுற்றப் போனோம். மூன்றாவது பயணத்தில் கப்பல் கிரெனடாவில் நின்றது. முதலில் எஞ்சின் பழுது என்றார்கள். பிறகு முதலாளியிடமிருந்து தந்தி வருவது நின்றது. எண்ணெய் தீர்ந்தது, விளக்கு அணைந்தது, கேப்டன் ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு வழி தேடிக்கொண்டார்கள். துருப்பிடித்த அந்தக் கப்பலில் கடைசியாக மிஞ்சியது நாம் இருவர்.

அப்போதுதான் ஜோசையா கிழவரின் பாய்மரப் படகைப் பார்த்தாய். பக்கத்திலிருந்த காரியாக்கூ தீவில் அவரும் அவருடைய தம்பிகளும் சேர்ந்து கட்டிய மரப்படகு. அதற்குள் ஒரு சின்ன டீசல் எஞ்சின் மாதக்கணக்காகச் செத்துக் கிடந்தது. நீ கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே குதித்தாய்.

"ரெண்டு நாள்ல ஓட வச்சுர்றேன்னு சொல்லு மாப்ளே."

உன் இங்கிலீசை விட என் இங்கிலீசு மோசம். இரண்டு விரலைக் காட்டினேன். கிழவர் சிரித்தார். மூன்றாம் நாள் எஞ்சின் புகை கக்கியது. அன்று முதல் நீ அந்தப் படகின் எஞ்சின்காரன். உன்னோடு ஒட்டிக்கொண்டு நான் சமையற்காரன்.

எட்டு மாதம். கிரெனடாவிலிருந்து காரியாக்கூ, அங்கிருந்து யூனியன் தீவு, பெக்கியா, செயின்ட் வின்சென்ட், பிறகு அதே வழியில் திரும்பி வருவோம். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், சிமெண்டு, ஆடுகள் என்று எது கிடைத்தாலும் ஏற்றினோம். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள். ஒருமுறை ஒரு கல்யாணப் பெண்ணை அவள் சாதிசனத்தோடு ஏற்றிப்போனோம். தீவுக்கும் தீவுக்கும் நடுவே நீரோட்டம் இழுக்கும் இடத்தில் அத்தனை பேரும் வாந்தி எடுக்க, மணப்பெண் மட்டும் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பாடிக்கொண்டே வந்தாள். நான் மேல்தட்டில் மணல் நிரப்பிய பெட்டிமேல் கரி அடுப்பு வைத்துச் சமைத்தேன். எஸ்டேட்டில் மலையாளத்துக்காரர்கள் கடச்சக்கை என்பார்களே, அந்தச் சீமைப்பலா அங்கே தெருவுக்குத் தெரு காய்த்துத் தொங்கியது. உப்புக்கண்ட மீனோடு அதைப் போட்டு நான் வைத்த குழம்புக்கு ஜோசையா கிழவர் தட்டை மூன்று முறை நீட்டுவார்.

யூனியன் தீவை நெருங்கிய ஒரு விடிகாலையில் நீ எஞ்சின் குழியிலிருந்து தலையை நீட்டி வெளியே பார்த்தாய். தண்ணீரிலிருந்து செங்குத்தாகத் தீவுகள் எழுந்து நின்றன, ஒன்றன் பின் ஒன்றாக, நீலம் மங்கிக்கொண்டே போய்.

"மழக்காலத்துல மெட்டுல நின்னு கீழ பாத்தா மேகம் மூடிக் கெடக்கும்ல, மொகடு மொகடா மட்டும் தெரியும்ல. அதேதான் மாப்ளே. இந்தத் தண்ணிய எறச்சுட்டுப் பாத்தா கீழ போடி இருக்கும்" என்றாய்.

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உனக்கும் ஊர் நினைப்பு வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தக் கடிதம். துறைமுக அலுவலகத்தில் நம் பழைய கப்பல் பெயருக்கு வந்து கிடந்தது. என் மச்சினன் எழுதியிருந்தான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து என் மனைவிக்குக் காய்ச்சல் விடவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகிறோம், நீங்கள் உடனே வர வேண்டும் என்று முடித்திருந்தான். எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் இருக்கிறாளா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை.

பம்பாய் போகும் சரக்குக் கப்பலொன்று நான்கு நாளில் கிரெனடாவைத் தொடும், அதில் எஞ்சின் அறையில் ஒரு ஆள் நோயில் விழுந்ததால் ஒரேயொரு இடம் காலி என்று நீதான் விசாரித்து வந்தாய். அது உன் வேலை மாப்ளே. அவர்கள் கேட்டது உன்னைப் போன்ற ஆளை. நீயோ என்னை நம் படகின் எஞ்சின் குழிக்குள் இறக்கினாய்.

காரியாக்கூ போய்த் திரும்பிய அந்த மூன்று நாளும் பாடம். அலை படகைத் தூக்கிப் போட்டது. நான் எண்ணெய் டப்பாவுக்குள் வாந்தி எடுத்தேன்.

"இது ஆயில் பாக்குற குச்சி. இது தண்ணிப் பம்பு. மத்ததெல்லாம் தெரிய வேணாம். சத்தத்த மட்டும் கேளு. சத்தம் மாறுனா வெரசா ஓடிப்போயி பெரியவுகளக் கூப்புடு. அம்புட்டுதான் சோலி."

"இது உன் எடம்டா. நீ போ. வீட்டுல போயி பாத்து எனக்குத் தந்தி குடு."

"என் வீட்டுல யாருக்குக் காய்ச்சல்? பொண்டாட்டியா, புள்ளயா? ஆத்தா ஒண்டிதான். அது கல்லு மாதிரி இருக்கு. கையக் கொண்டா."

என் கையைப் பிடித்து எஞ்சின் கசடைத் தேய்த்தாய். நகக்கண்ணில், ரேகையில், மணிக்கட்டு வரை. என் கப்பல் புத்தகத்தில் சமையற்காரன் என்றுதான் எழுதியிருந்தது. அந்தச் சரக்குக் கப்பலின் வங்காளி எஞ்சினியர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ஏணி ஏறும்போது கீழிருந்து நீ சொன்னாய்: "ஆத்தாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. அடுத்த கப்பல்ல வர்றேன்."

கடலில் நான்காம் நாள் குட்டு உடைந்தது. சத்தம் மாறியது, எனக்குக் கேட்கவில்லை. எஞ்சினியர் என்னை நிற்க வைத்து அரைகுறை இந்தியில் விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கரையில் என்னோடு நின்றவன்தான் எஞ்சின்காரன் என்றதும் என் கையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். பம்பாய் வரை உருளைக்கிழங்கு உரித்தேன்.

தேவாரம் ஊரில் என் மாமியார் வீட்டு வாசலில் என் மனைவி நின்றாள். முடி கொட்டி, தோள் எலும்பு துருத்தி, ஆனால் நின்றாள். இடுப்பில் குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது. இன்று அந்தக் குழந்தையின் வீட்டுக்காரர்தான் ஜாதிக்காய் கொண்டுவந்தவர்.

மறுநாள் உன் ஆத்தாவைப் பார்க்கப் போனேன். ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானப்பு போனீக?" என்றாள்.

எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தாள். சோறு போட்டாள்.

அடுத்த கப்பல் உனக்குக் கிடைக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்றாயே, அவள் அடுத்த ஐப்பசி மழையில் படுத்தாள். நானும் என் மனைவியும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்தோம். தகவல் உனக்கு எந்தத் தீவில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவள் போனதும் உன் பங்காளிப் பெரியவர் கொள்ளிச் சட்டியை என் கையில் கொடுத்தார். "அவன் எடத்துல நின்னு நீயே வையிப்பா" என்றார். வைத்தேன்.

சித்திரையில் நீ வந்தாய். எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பது என்று நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். நீயே தேடி வந்தாய், மொட்டை போட்ட தலையோடு. வரும் வழியில் மதுரையிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீ வச்சது நான் வச்சதுதான் மாப்ளே" என்றாய். திண்ணையில் உட்கார்ந்ததும், "ஆத்தா என்னயக் கேட்டுச்சா?" என்றாய்.

"கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். அதன்பிறகு எத்தனை வருசம் ஒன்றாக டீ குடித்திருக்கிறோம். உன் கல்யாணத்தில் நான்தான் அடுப்படி பார்த்தேன். உன் பட்டறை வாசலில் பேசாத பேச்சில்லை. அந்த மிச்சத்தை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கடைசி நாள் பின்னேரம். மழை விட்டிருந்தது. அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. கையால் துழாவி என் கையைப் பிடித்தாள். உன் பெயரைச் சொல்லி, "வந்துட்டியா அப்பு?" என்றாள். கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டேன் ஆத்தா" என்றேன்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன் ஆத்தா."

"இனி போக மாட்டியே?"

"போக மாட்டேன்."

அதன்பிறகு அவள் பேசவில்லை. முகம் தெளிந்திருந்தது. அரை மணி நேரம் என் கையை விடாமல் பிடித்திருந்தாள், மூச்சு அடங்கும் வரை.

இதை உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். உன் இடத்தில் கப்பல் ஏறினேன், உன் இடத்தில் கொள்ளி வைத்தேன், அதற்கெல்லாம் நீ ஒப்புக்கொண்டாய். ஆனால் இது நீ கொடுத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. உன் ஆத்தா உன்னைப் பார்த்துவிட்டதாக நினைத்துத்தான் போனாள் மாப்ளே. அந்த அரை மணி நேரம் உன்னுடையது. இத்தனை வருசம் அதை நான்தான் வைத்திருக்கிறேன்.