உன் அம்மாவுக்கு மெதுவாக வாசித்தேன்

உத்திரமேரூர் பக்கம், நம்ம வீடு
ஈஸ்டர் முடிந்த வாரம்

கர்த்தருக்குள் அன்பான மகள் சோபியாவுக்கு உன் நைனா சின்னப்பையன் எழுதுவது. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோட்டின் மேல் நிறுத்தினாலும் எழுத்துகள் வரப்பிலிருந்து ஆடு இறங்குவது போல இறங்கிவிடுகின்றன, சில எழுத்து குண்டாகவும் சில எழுத்து பட்டினி கிடந்தது போலவும் இருக்கும், கை நோவு வந்தால் நிறுத்திவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திரும்ப எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நான் நன்றாகப் பசி எடுத்து நன்றாகத் தூங்கி எழுகிறேன், நீயும் மாப்பிள்ளை பாண்டியனும் பிள்ளைகளும் அந்த மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம். முதல் கடிதத்தில் யாரையும் திட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்துப் பாஞ்சாலி சொன்னாள். நான் திட்டுவதற்காகவே எழுதுகிறேன். போனில் திட்டினால் நீ நடுவில் புகுந்து சரி நைனா சரி நைனா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

குருத்தோலை ஞாயிறு அன்று போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் அம்மா கல்லறை பக்கத்தில் நின்று நானே வேதபாடம் வாசிக்கப் போகிறேன் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னேன். நீ இன்னா சொன்னாய்? செத்தவங்களுக்கு இன்னாத்துக்கு நைனா வாசிக்கணும், அந்தக் குழியில இன்னா கீது, மண்ணுதான் கீது, வயசான காலத்துல இருட்டுல ஏரிக்கரையில வழுக்கி வுழுந்து எனக்குப் பேஜார் வெக்காத, போன்ல ஒரு ஆப் அனுப்பறேன், அதுவே வாசிக்கும், வூட்லயே ஒக்காந்து கேளு என்றாய். அதோடு விட்டாயா, நான் ஜெபம் பண்றத வுட்டு ரெண்டு வருசம் ஆவுது நைனா, உனக்குத்தான் தெரியாது என்றும் சொன்னாய். எனக்குத் தெரியும். பெற்றவனுக்குத் தெரியாமலா போகும். சாப்பிடும் முன் நீ கண் மூடுகிற நேரத்துக்கு வீடியோவில் இப்போது தட்டுச் சத்தம் கேட்கிறது. உன் வாயால் கேட்ட பிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

உன் கோபமும் எனக்குத் தெரியும். அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாய், நீ வேலை பார்க்கிற அந்தத் துணி தேய்க்கும் கடைச் சூட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் நின்றாய், கடைசியில் அவள் ஒரு வெள்ளிக்கிழமையிலேயே போய்விட்டாள். கேட்டது நீ, கொடுக்காதது அவர். எனக்கு மட்டும் அவர் மேல் கோபம் இல்லை என்று நினைத்தாயா? நாற்பது வருடத்துக்கு மேல் ஒன்றாகக் கஞ்சி குடித்தவளை எடுத்துக்கொண்டாரே என்று ஏரிக்கரையில் ஆள் இல்லாத நேரத்தில் நான் அவரைக் கேட்ட கேள்விகளை எழுதினால் இந்தத் தாள் எரிந்துபோகும். ஆனால் கேட்டேன். நீ பேச்சையே நிறுத்திவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொரு ஆத்திரமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவை அடக்கம் பண்ணின அன்று நம்ம ஆயருக்கு மத்தியானம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. அதனால் குழி ஓரத்தில் நின்று பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப்பு பெயர் கத்துவது போல வாசித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கூட என் காதில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்முலு போனைப் பிடித்து உனக்குக் காட்டினாள், நீ பார்த்தது அவள் முந்தானையும் அரை வானமும்தான் என்று பிறகு அழுதாய். என் மேரிக்கு, யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று நிதானமாக நாலு வார்த்தை பேசாமல் வராத மேரிக்கு, அப்படி ஒரு அவசர வாசிப்பு. அன்றைக்கு மண் தள்ளும்போதே முடிவு செய்தேன், இவளுக்கு யாராவது மெதுவாக வாசிக்க வேண்டும், மெதுவாக வாசிக்க என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. அதற்குத்தான் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கப் பழக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நீ நினைப்பது போலப் பொழுது போகாமல் இல்லை.

சொல்லிக்கொடுத்தவள் அங்கே சத்துணவு சமைக்கும் பாஞ்சாலிதான். செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடாமல் தண்ணீர் குடிக்க மாட்டாள், அவள் உட்கார்ந்து எனக்கு நம்ம ஈஸ்டர் பாடத்தைப் பழக்கினாள். பொம்பளைங்க விடியறதுக்குள்ள இயேசு கல்லறைக்குப் போற இடத்தில் வகுப்பு முடிந்து மணி அடித்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் புத்தகத்தை மூடினால், யோவ் பெரியப்பா, கல்லறைய மூடின அந்தக் கல்ல யாரு பொரட்டுனாங்கன்னு தெரியாம எனக்கு எப்படித் தூக்கம் வரும், ஒக்காரு, படி என்று கதவைச் சாத்திவிட்டாள். இந்தப் பாடத்தைப் பிறந்ததிலிருந்து கேட்கிற நீ மண்ணுதான் கீது என்கிறாய். முதல் தடவை கேட்கிறவள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இனி சாம்சன் கதைக்கு வருகிறேன். தானியேல் மகன், பஸ் நிலையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், இப்போது சபைச் செயலாளர். நம்ம சபை முறை உனக்கு மறந்திருக்காது, கல்லறைத் தோட்டத்தில் இருட்டில் பாடம் வாசித்து முடிக்க வேண்டும், ஏரிக்கரைக்கு மேலே சூரியன் தலை காட்டும்போது பாட்டு எழும்ப வேண்டும். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு நாள் கோயிலில் ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போது நான் போய்ப் பாடம் நான் வாசிக்கிறேன் என்று கேட்டேன். சாம்சன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, பெருசு, நீ வாசிச்சு முடிக்கறதுக்குள்ள இயேசுவோட ரெண்டாம் வருகையே வந்துடும் என்றான். சபையே சிரித்தது. ஆயர் துண்டால் வாயைத் துடைப்பது போல மறைத்துக்கொண்டார். டேய், உங்கப்பனும் நானும் ஒரே களத்துல மூட்டை தூக்குனவங்கடா, நீ சட்டை மேல பேனா குத்திக்கினா பெரிய ஆளா என்று கேட்டுவிட்டு, கொடுத்த டீயைக் கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். பிறகு ஆயர் வீட்டுக்கே வந்து சமாதானம் பேசினார். இன்னா சமாதானம் தெரியுமா? நான் முன்னாலேயே போய் வாசித்துக்கொள்ளலாமாம், அப்போதுதான் ஜனங்கள் வந்து மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை, ஆராதனை தொடங்கியதும் சாம்சன் அதையே சரியாக வாசிப்பானாம். கூட்டம் சேருகிற வரை மைக் டெஸ்ட் பண்ணுகிற ஆள் போல என்னை நிறுத்தப் பார்த்தார்கள். போகவே மாட்டேன் என்று இருந்தேன். பாஞ்சாலிதான், நீ அவங்களுக்கா படிக்கப் போற, பெரியம்மாவுக்குத்தான, அவங்க முன்னாடியே வந்து காத்துக்கினு கீறாங்க, போ என்று விரட்டினாள்.

போனேன். நான் வழுக்கி விழுவேன் என்று நீ சொன்னாய் அல்லவா, விழுந்தேன். அதற்காகச் சந்தோஷப்படாதே. தாமோதரன் கழனி வாய்க்காலைத் தாண்டும்போது கால் சறுக்கி வெள்ளை வேட்டியெல்லாம் சேறு, டார்ச் லைட் தண்ணீருக்குள் போய்விட்டது. முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, ஆறிவிட்டது. புத்தகத்தை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டேன். அங்கே ஸ்பீக்கர் கட்ட வந்திருந்த சாம்சன் ஒருவன்தான் நின்றான். வெளிச்சம் இல்லாமல் எப்படி வாசிப்பது, வேறு வழியில்லை, அவனையே கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போன் லைட்டைப் பிடித்தான். அம்மா தலைமாட்டில் நின்று விரலை வைத்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கை நோவுது பெருசு என்றான். அந்தக் கைக்கு மாத்திப் பிடிடா என்றேன். பிடித்தான்.

சோபியா, இதைக் கவனமாகப் படி. இந்தப் பாடத்தை நானும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆயர் வாசிக்கும்போது அந்தப் பெண்கள் புறப்பட்ட உடனே கல்லறைக்கு வந்துவிடுவார்கள். என் வாசிப்பில் அவர்கள் நடந்தார்கள். ஒரு எழுத்து, ஒரு அடி, ஒரு எழுத்து, ஒரு அடி. இருட்டு, கையில் வாசனைத் தைலம், கல்லை யார் புரட்டுவார்கள் என்ற கவலை வேறு. வழி எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் நம்பிக்கையோடு போகவில்லை, மகளே. உயிரோடு எழுந்திருப்பார் என்று நம்புகிறவள் பிணத்துக்குப் பூசத் தைலம் எடுத்துப் போவாளா? உன்னைப் போலத்தான் அவர்களும், எல்லாம் முடிந்தது, உள்ளே கிடப்பது உடம்புதான் என்று நினைத்தார்கள். ஆனாலும் எழுந்து போனார்கள்! அழுதுகொண்டு போனார்களோ திட்டிக்கொண்டு போனார்களோ, போனார்கள். போனதால்தான் குழியில் ஒன்றும் இல்லை என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஊருக்குள் சொல்ல ஓடினார்கள். நீயும் குழியில ஒன்றும் இல்லை என்கிறாய், ஆனால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாய். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதெல்லாம் மனதில் ஓடியதால் விரல் நழுவி, வாசித்த வரியையே திரும்ப வாசித்துவிட்டேன். தலை தூக்கிப் பார்த்தால் சுற்றிலும் சபை முழுக்க நிற்கிறது, எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை, ஒரு செருப்புச் சத்தம் இல்லை. ஏரிக்கரை மேலே சூரியனும் வந்துவிட்டது. யாரோ ஒருவர், ஐயா, பொழுது வந்துடுச்சி, பாட்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். அம்முலு பின்னாலிருந்து, வந்தா வரட்டும், அது எங்க போவப் போவுது, நீ வாசி மாமா என்று அதட்டினாள். நல்ல வெயிலில் நின்று வாசித்து முடித்தேன். சாம்சன் அந்த வெயிலிலும் போன் லைட்டை என் புத்தகத்து மேலேயே பிடித்துக்கொண்டு நின்றான், அணைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் திரும்ப வாசிக்க வேண்டிய பாடத்தை வாசிக்கவும் இல்லை. நேராகப் பாட்டை எடுத்துவிட்டான்.

பாட்டு முடிந்ததும் பழைய புத்தி போகாமல், பெருசு, ரெண்டாம் வருகை இன்னிக்கு ஜஸ்ட் மிஸ்ஸு என்றான். எனக்கு இருந்த ஆத்திரத்தில், வந்தா இன்னாடா, நான் அதுக்குத்தான காத்துக்கினு கீறேன், வந்தா இதோ இந்த மண்ணுலருந்து என் பொண்டாட்டி எழுந்து வருவா, நீ வாசிச்சதெல்லாம் கேட்டேன்யான்னு சொல்லுவா என்று கத்திவிட்டேன். அவ்வளவு சத்தமாகக் கத்த வேண்டும் என்று நினைக்கவில்லை. சாம்சன் குனிந்து என் வேட்டியில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டான். ஆனாலும் நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை, அடுத்த ஞாயிறு வரைக்கும் அவன் இப்படியே இருக்கட்டும்.

அன்று வீட்டுக்கு வந்து நீ அனுப்பின ஆப்பைக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் வாசிக்கிறது, எங்கும் தடுக்கவில்லை. அதற்கு மண்ணில் வைத்த ஆள் யாரும் இல்லை, அதனால் வேகமாகப் போகிறது.

கருப்புப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. மேற்குப் பக்கத்துக் கூரை ஓடுகளை மாற்றியாயிற்று, எவ்வளவு செலவு என்று கேட்காதே. பாண்டியனைச் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல், டீயில் போட்டுக்கொள்கிறான் என்று எனக்குத் தெரியும். நீ வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் குடி. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து பழக்கு, நானே கற்றுக்கொண்டேன், அதுகளுக்கு இன்னா கேடு.

உன்னை ஜெபம் பண்ணு என்று சொல்ல மாட்டேன். சண்டை போடு. அம்மாவை ஏன் எடுத்தாய் என்று அவரிடமே நேராகக் கேள், நான் கேட்டது போலக் கேள். எதிரில் ஆள் இல்லை என்றால் யாரும் இவ்வளவு நாள் கோபமாக இருக்க மாட்டார்கள், சோபியா. உன் கோபத்தைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை, அதற்குள்ளேயே ஒரு நிம்மதியும் வந்தது, அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன்.

உன்னைக் கொடுத்தவர் உன் வாசலையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும், உன் கைக்குச் சூடு படாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. கையால் எழுது. திட்டி எழுதினாலும் சரி, எத்தனை பக்கம் ஆனாலும் சரி, அம்மாவிடம் கொண்டுபோய் அதையும் மெதுவாக வாசிப்பேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, கைதான் ஓய்ந்துவிட்டது, மிச்சத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கட்டைவிரல் மை இல்லாமல் தானே கையெழுத்துப் போடும்
உன் நைனா
சின்னப்பையன்