கழுவி வைத்த கோப்பை

அக்கா,

தவமலரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை பற்றிக் கதைக்க உடுப்பிட்டி ஐயரிடம் போகிறேன். கதவைப் பூட்டிவிட்டேன், திறப்பு வழக்கமான இடத்தில்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ரஷேல் நேர்ஸ் திரும்ப வருவார். நேற்றுப்போல் படலைக்கு வெளியே நிற்க வைக்க வேண்டாம். "செத்தவீட்டுக்கு முட்டையோ? உவளுக்கென்ன விசரோ?" என்று நீங்கள் கத்தியது அவருக்கு விளங்கியிராது. உங்கள் முகம் விளங்கியிருக்கும்.

அவர் வெளிநாட்டு யூதப் பெண். அவர்களிலும் துக்க வீட்டுக்கு முதல் சாப்பாடு அயலார்தான் கொண்டு போவார்களாம். அதில் அவித்த முட்டை கட்டாயமாம். செத்தவீட்டில் நாங்கள் முட்டை, மீன் என்று மச்சம் எதுவும் தொடமாட்டோம் என்பது அவருக்குத் தெரியாது.

ஊரடங்கால் தாலி கட்டிய நானே ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத அன்று, விடியும்வரை தவமலரின் உடலுக்குப் பக்கத்தில் இருந்தது அவர்தான். உடலைத் தனியே விடுவது அவர்களில் வழக்கமில்லையாம். நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுங்கள். தேத்தண்ணியும்.

தம்பி

பி.கு. கோப்பையோடு நீங்கள் வேலியோரம் வைத்த முட்டைகளை நாய் தின்னவில்லை. நான்தான் சாப்பிட்டேன். தவமலர் போனபின் எனக்கு முதன்முதலாகப் பசித்தது அப்போதுதான். கோப்பையைக் கழுவி அடுப்படியில் வைத்திருக்கிறேன். அவர் கையில் கொடுங்கள். பாஷை தேவையில்லை, வெறுங்கோப்பையைக் கண்டால் அவருக்கு விளங்கும்.