சாவி என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர, அதுவும் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் வருகிற வலி. உன் சுகத்தைக் கேட்கும்போது கை கால் முழுசாக இருக்கிறதா என்றும் சேர்த்தே கேட்கிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் நீ போனில் சொன்னதற்குப் பதில். "சாவியக் குடுத்துட்டு வேலையப் பாரும்மா, இந்த வயசுல எதுக்கு வம்பு" என்றாய். போனில் பேசினால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும், அதனால் எழுதுகிறேன். சாவியைக் கொடுக்கப் போவதில்லை.

அப்பா உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருப்பார், முழுசாகக் கேள். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் வெளுத்த விரிப்புகளை ஏற்றிக்கொண்டு நாங்கள் ஓட்டும் வேன்களை, சலவைக்கூட முதலாளி ஒவ்வொன்றாக ஓட்டுகிறவர்கள் பெயருக்கே மாற்றிக்கொண்டு வருகிறார். முதலில் ராக்கெட்டுக்கு. நடந்து போகிறவர்கள் முந்திவிடும் வேகத்தில் ஓட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர். முதலாளி இனிப்பு கொடுத்து, "இனிமே நீ தொழிலாளி இல்லய்யா, நீயும் ஒரு முதலாளி" என்றார். அன்று ராக்கெட் வேனைத் துடைத்த துடைப்பில் பெயின்ட் உரியாமல் இருந்ததே பெரிது. ஆனால் வேலை முடிந்ததும் சாவி வழக்கம்போல ஆபீஸ் சுவர் ஆணிக்குப் போய்விடும். சொந்த வண்டியின் சாவியை அடுத்தவர் ஆணியில் மாட்டிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போனான், அது அவனுக்கும் உறுத்தவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் உறுத்தவில்லை. பழக்கம் அப்படி.

போன மாதம் ஆஸ்பத்திரிச் சரிவில் நிறுத்தியிருந்த அந்த வேன் பின்னால் நழுவி, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நெட்டையின் கால் முறிந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டுப் பீரோவைத் தனியாளாக மாடிக்கு ஏற்றிக் கொடுத்தவர். இன்ஷூரன்ஸ்காரர் வந்து, வண்டிக்கு இருக்கிறது, ஆனால் மூட்டை இறக்குகிற ஆளுக்கு வண்டிச் சொந்தக்காரர் தனியாக எடுத்திருக்க வேண்டும், யார் சொந்தக்காரர் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். முதலாளி ராக்கெட்டைப் பார்த்தார். "உன் வண்டி, உன் ஆளு, உன் பாடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் அந்த இனிப்பு எதற்கு என்று புரிந்தது.

அடுத்து என் முறை வந்தது. பெயர் மாற்றும் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். "படிச்சவங்க, டக்குனு புரிஞ்சுக்கிட்டீங்க" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். புரிந்ததனால்தானே போட்டேன். அன்றைக்குக் கடைசி மூட்டையை இறக்கியதும் வேனை நேரே நம் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்து நிறுத்திவிட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, "வேலை செய்யற எடத்துல இருந்து மிச்ச சோப்பு கொண்டு வருவாங்க, நீ வேனையே கொண்டு வந்துட்டியே" என்றார்.

மறுநாள் முதலாளியே வந்துவிட்டார். என் வேன் எங்கேம்மா என்றார். "உங்க வேன் எதுவும் இங்க இல்லீங்களே, இது என்னோடது, வாடகைக்கு வேணும்னா உட்காருங்க பேசலாம்" என்றேன். விளையாடாதீங்க, அது சும்மா பேப்பருக்குத்தான் என்றார். "நெட்டை காலும் சும்மா பேப்பருக்குத்தான் உடைஞ்சுதா?" என்று கேட்டேன். மேல் வீட்டு அக்கா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டிகளைத் திரும்ப உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், ஓட்டுகிறவர் இறக்குகிறவர் எல்லோரையும் உங்கள் ஆட்களாகக் காட்டி இன்ஷூரன்ஸ் எடுங்கள், நெட்டையின் வைத்தியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாவி என் இடுப்பில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். போலீஸ் என்றார். வரச்சொல்லுங்கள், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றேன். வேலையே போய்விடும் என்றார். போனாலும் போகலாம். அப்பா மிக்சி ரிப்பேர் பார்ப்பதை வைத்து எத்தனை நாள் ஓடும் என்று எனக்கும் தெரியும். பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், பயத்தோடுதான் நிற்கிறேன். லாரி லைசென்ஸ் எடுக்கப் போனபோது, டெஸ்ட் வைத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார் இல்லையா, அன்றைக்கும் கால் நடுங்கத்தான் செய்தது, அந்தக் காலால்தான் கிளட்சை மிதித்துப் பாஸ் செய்தேன்.

இன்று காலை வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் ராக்கெட். தன் வேனை என் வேனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, "முன்னாடி நீங்க போங்கக்கா, நான் மெதுவா வர்றேன்" என்றான். அவன் மெதுவாக வருவதைப் பற்றி யாரும் சொல்லவே வேண்டாம். போவதற்கு முன் தன் வேனின் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்துவிட்டுப் போனான். நம் தெரு சமதரை.

இப்போது உன் விஷயம். அறையில் உன்னோடு இருக்கும் பையனின் பைக்கில், அவன் லைசென்ஸில், அவன் பெயரில் பார்சல் கொண்டுபோகிறாயாமே. அப்பா வாய்தவறி உளறிவிட்டார், அவரைத் திட்டாதே, நானே திட்டியாகிவிட்டது. நம் ஊர் லைசென்ஸ் அந்த நாட்டில் செல்லாது என்று தெரிந்தும் எந்தத் தைரியத்தில் ஏறினாய்? நீ விழுந்தால், அவன் அறையில் போர்த்திக்கொண்டு தூங்குவான், காகிதத்தில் அவன் கால் முறிந்திருக்கும், ஆஸ்பத்திரியில் கிடப்பது உன் கால். அந்த நாட்டு லைசென்ஸை முறையாக எடு, உன் பெயரில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேள், அதுவரை உனக்கு இருக்கிற கிடங்கு வேலையே போதும், நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம்.

நீ எனக்குச் சொன்ன புத்தி நல்ல புத்திதான், ஆள்தான் மாறிவிட்டது. சாவியைக் கொடுத்துவிடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு பைக் சாவியை அவன் கையில் கொடு.

நோய் நொடி இல்லாமல், உன் பெயரிலேயே நீ நன்றாக வாழ வேண்டும். அப்பாவின் ஆசியும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு, கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
இன்று வரைக்கும் ஒரு வேனுக்குச் சொந்தக்காரி.